சிறிய தோட்டா என்றால் சிறிய உதைப்பா? வெவ்வேறு காலிபர் காம்பாக்ட் பிஸ்டல்களை ஒப்பிடும் முழுமையான வழிகாட்டி

சுடுதளத்தில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. புதிதாகக் கற்க வந்த ஒருவரின் கையில் உள்ளங்கைக்குள் அடங்கும் .380 பிஸ்டல் இருக்கிறது. "கை சிறியது, காலிபரும் சிறியதாக இருந்தால் உதைக்காது" என்று யாரோ சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது தோட்டாவோடு அவர் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கட்டைவிரலின் அடிப்பகுதியைத் தேய்க்கத் தொடங்குகிறார். பக்கத்துத் தடத்தில் இருப்பவர் தன் 9 மி.மீ. காம்பாக்ட் பிஸ்டலைக் கொடுக்கிறார். தயக்கத்தோடு வாங்கியவர் ஒரு பெட்டித் தோட்டாவையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, "இதுதானே பெரிய காலிபர்?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வழிகாட்டி. காலிபர், அதாவது தோட்டாவின் அளவு வகை, தனியாக யார் கைக்கும் வருவதில்லை. அது ஓர் எடையோடும், ஒரு கைப்பிடியோடும், ஒரு பூட்டும் முறையோடும் சேர்ந்து வருகிறது. தோட்டாவைத் தோட்டாவோடு மட்டும் ஒப்பிட்டால் தவறான துப்பாக்கியில்தான் போய் நிற்போம். கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். முதல் நான்கு படிகளை மேசையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். மீதியில் பெரும்பாலானவற்றைக் கைகள்தான் சொல்ல வேண்டும்.

தொடங்கும் முன்

கடையிலோ நண்பரிடமோ எந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் அதில் தோட்டா இருக்கிறது என்றே எண்ணுங்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னிழுத்துப் பூட்டித் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளேயே இருக்க ஸ்லைடை இழுத்தால், அறையிலிருந்த தோட்டா வெளியே விழும், அடுத்தது உள்ளே ஏறிவிடும். துப்பாக்கி காலி என்று நம்பிச் சுட்டுவிட்ட விபத்துகள் பலவற்றின் பின்னால் இந்த ஒரு தவறு இருக்கிறது. சுட முடிவெடுக்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதீர்கள். பிஸ்டல் வெடியொலி 150 டெசிபெலைத் தாண்டும், ஒரே ஒரு தடவை கேட்டாலும் செவிக்குக் கேடு. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் சுடுதளத்துக்குள் கால் வைக்க வேண்டாம்.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் 9×19 என்ற வழக்கமான 9 மி.மீ. தோட்டா ராணுவத் தோட்டாவாகப் பட்டியலிடப்பட்டு, பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அங்கே உரிமம் பெற்றவர்களின் தேர்வு .32, .380 போன்றவற்றுக்குள்தான் அடங்கும். வேறு சில இடங்களில் காலிபரைவிட மேகசின் கொள்ளளவுக்கே வரம்பு. எது உங்களுக்கு அனுமதி என்று தெரியாமல் ஒப்பிடத் தொடங்கினால் பாதி உழைப்பு வீண்.

படி 1: பெயர்களைப் பிரித்தறியுங்கள்

தோட்டாப் பெயர்கள் ஒரு காடு. அதற்குள் வழிதவறாமல் இருக்க ஒரு கயிறு: மெட்ரிக் பெயரில் முதல் எண், தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் குண்டின் தோராயமான விட்டம், இரண்டாவது எண், மருந்தையும் குண்டையும் தாங்கும் கூட்டின் நீளம். இரண்டும் மில்லிமீட்டரில்.

9×17, 9×18, 9×19 ஆகிய மூன்றும் பேச்சில் "ஒன்பது எம்.எம்." ஆகிவிடுகின்றன. மூன்றும் வேறு வேறு. 9×17தான் .380 ஏசிபி. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908இல் வந்த இதற்கு 9 மி.மீ. குர்ட்ஸ், 9 மி.மீ. ஷார்ட், 9 மி.மீ. கோர்ட்டோ என்று ஊருக்கொரு பெயர் உண்டு. 9×18 என்பது சோவியத் மக்கரோவ் பிஸ்டலின் தோட்டா. இதன் குண்டு உண்மையில் 9.27 மி.மீ. அகலம் கொண்டது, எனவே மற்ற இரண்டின் குழலுக்கும் இது பொருந்தாது. 9×19 என்பது கியோர்க் லூகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய பாராபெல்லம். இன்று உலகெங்கும் ராணுவங்களும் காவல்துறைகளும் "9 மி.மீ." என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கின்றன.

அங்குலப் பெயர்கள் இன்னும் குழப்பும். .380இன் குண்டு .380 அங்குலம் இல்லை, .355 அங்குலம்தான். .357 சிக் தோட்டாவின் குண்டும் அதே .355தான். பெயர் என்பது வணிக அடையாளம், அளவு அட்டை அல்ல. ஆகவே ஒப்பிட எடுத்துக்கொண்ட ஒவ்வொரு பிஸ்டலுக்கும் குழலிலோ ஸ்லைடிலோ பொறித்திருக்கும் காலிபர் பெயரை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயர் அதனோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு காலிபர்களை ஒரே நாளில் சுட்டுப் பார்க்கும்போது இது உயிர் காக்கும் பழக்கம்.

காம்பாக்ட் பிஸ்டல்களில் நீங்கள் சந்திக்கப் போகும் மற்றவை: 1899இன் .32 ஏசிபி (7.65×17), 1990இன் .40 எஸ் அண்ட் டபிள்யூ, 1994இன் .357 சிக், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிறந்த .45 ஏசிபி. பயிற்சிக்கு .22 எல்.ஆர். அருமையான தோட்டா. ஆனால் விளிம்பில் தட்டிப் பற்றவைக்கும் அதன் முறையில், சுட்டும் வெடிக்காத தோட்டாக்கள் அதிகம் வரும். அதனால் அதை இந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கிறேன்.

படி 2: "காம்பாக்ட்" என்றால் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள்

காம்பாக்ட் என்பதற்குப் பொது வரையறை கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் கிளாக் 19ஐ அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். 1988இல் வந்தது, 102 மி.மீ. குழல், மேகசினில் 15 தோட்டா, மேகசின் இல்லாமல் ஏறத்தாழ 600 கிராம், நிரப்பிய பின் 850 கிராம். இதை ஒட்டிய அளவுகள் காம்பாக்ட். இதைவிடத் தெளிவாகச் சிறியவை சப்காம்பாக்ட். 79 மி.மீ. குழலும் 10 தோட்டாவும் கொண்டு 2018இல் வந்த சிக் சாவர் பி365 அந்த வகையில் சேரும். அதற்கும் கீழே, வெறும் எடை 270 கிராம் அளவே உள்ள ரூகர் எல்.சி.பி. போன்ற பைத் துப்பாக்கிகள்.

ஒரு காகிதத்தில் நான்கு எண்களை மட்டும் எழுதுங்கள்: நிரப்பிய எடை, குழல் நீளம், அகலம், மேகசின் கொள்ளளவு. விளம்பரத்தில் போடும் வெறும் எடையை எழுத வேண்டாம். 9×19 தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், .45 தோட்டா ஒன்று சுமார் 21 கிராம். பத்துத் தோட்டா ஏறியதும் இரண்டு துப்பாக்கிகளின் வேறுபாடு 90 கிராம் மாறிவிடும். இடுப்பில் நாள் முழுவதும் சுமப்பதும், கையில் உதைப்பைத் தாங்குவதும் நிரம்பிய துப்பாக்கிதானே.

படி 3: உதைப்பைக் கணக்கிடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுத்தண்டு. பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

குண்டு முன்னே செல்லும் உந்தமும் துப்பாக்கி பின்னே வரும் உந்தமும் சமம். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் கிடைக்கும். அந்த உந்தத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கியின் நிரப்பிய எடையைப் போல இருமடங்கால் வகுத்தால், கைக்கு வந்து சேரும் உதைப்பு ஆற்றல் ஜூலில் கிடைக்கும். எடைகளைக் கிலோகிராமில் போடுங்கள். வெடிமருந்து வாயு தரும் கூடுதல் தள்ளலை இங்கே விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் எல்லா எண்களும் உயரும், வரிசை மாறாது.

குறுகிய குழல்களுக்குத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம். .32 ஏசிபி: 4.6 கிராம் குண்டு, நொடிக்கு 270 மீட்டர், உந்தம் 1.24. .380: 6.15 கிராம், 280 மீட்டர், உந்தம் 1.72. 9×19: 7.45 கிராம், 345 மீட்டர், உந்தம் 2.57. .40: 11.7 கிராம், 295 மீட்டர், உந்தம் 3.45. .45: 14.9 கிராம், 250 மீட்டர், உந்தம் 3.73.

இந்த வரிசையோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் "சிறிய காலிபர் உதைக்காது" என்று சொல்கிறார்கள். துப்பாக்கியின் எடையைச் சேர்த்துப் பாருங்கள்.

330 கிராம் நிரப்பிய எடையுள்ள ரூகர் எல்.சி.பி.யில் .380 சுட்டால் 4.5 ஜூல். 850 கிராம் கிளாக் 19இல் 9×19 சுட்டால் 3.9 ஜூல். பெரிய தோட்டா குறைவாக உதைக்கிறது! சுடுதளத்தில் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு நடந்தது இதுதான்.

ஒரே உடலில் இரண்டு காலிபர் வரும் இரட்டையர்களைப் பார்த்தால் காலிபரின் தனிப் பங்கு தெளிவாகும். சிக் பி365 9×19இல் நிரப்பிய எடை 625 கிராம் அளவு, உதைப்பு 5.3 ஜூல். அதன் .380 வடிவம் 540 கிராம் அளவு, உதைப்பு 2.7 ஜூல், சரிபாதி. கிளாக் 19க்கும் அதே அளவு உடலில் .40 சுடும் கிளாக் 23க்கும் இடையே 3.9இலிருந்து 6.6 ஜூலுக்குத் தாவுகிறது. .45 சுடும் கிளாக் 30, எடை 960 கிராம் இருந்தும், 7.2 ஜூல்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: முதலில் நீங்கள் தாங்கத் தயாராக உள்ள எடையை முடிவு செய்யுங்கள், அதன் பிறகு காலிபரைத் தேடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த காலிபரை முதலில் எடுத்துவிட்டு, அது கிடைக்கும் மிகச் சிறிய துப்பாக்கியைத் தேடுகிறார்கள். அந்தப் பாதையின் முடிவில் இருப்பது மேசை இழுப்பறையில் தூங்கும் துப்பாக்கி.

படி 4: பூட்டும் முறையைப் பாருங்கள்

கணக்கு சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. .380 வால்தர் பி.பி.கே. நிரப்பிய நிலையில் 650 கிராம் அளவு. கணக்குப்படி உதைப்பு 2.3 ஜூல். அதே தோட்டாவைச் சுடும் கிளாக் 42 வெறும் 450 கிராம் அளவுதான், கணக்குப்படி 3.3 ஜூல். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டவர்களைக் கேளுங்கள். பி.பி.கே. தான் கூர்மையாக உதைக்கிறது என்பார்கள். என் கையும் அதையே சொல்கிறது.

காரணம் உள்ளே இருக்கிறது. 1931இன் பி.பி.கே. நேரடிப் பின்தள்ளல் முறையில் இயங்குகிறது. குழல் உடலோடு இறுகி அசையாமல் நிற்கிறது. தோட்டா வெடித்ததும் ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்துகின்றன. எனவே ஸ்லைடு உடனே, முழு வேகத்தில் பின்னே பாய்கிறது. அந்த அதிர்ச்சி ஒரே தட்டாகக் கைக்கு வருகிறது. கிளாக் 42இல் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு முதலில் சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னே நகர்கின்றன. அழுத்தம் தணிந்த பிறகே குழலின் பின்பகுதி தாழ்ந்து பூட்டு விடுபடுகிறது. அதே உந்தம்தான், ஆனால் கூடுதல் நேரத்தில் பரவி வருகிறது. கை உணர்வது ஆற்றலின் அளவை மட்டும் அல்ல, அது வரும் வேகத்தையும்தான்.

ஆகவே உங்கள் காகிதத்தில் ஐந்தாவது நிரல் ஒன்றைச் சேர்த்து, நேரடிப் பின்தள்ளலா, பூட்டிய குழலா என்று எழுதுங்கள். .32இல் நேரடிப் பின்தள்ளல் உறுத்தாது. .380இலும் 9×18இலும் துப்பாக்கியின் எடை போதுமானதாக இருந்தால் சமாளிக்கலாம். 730 கிராம் மக்கரோவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எளிமையான அமைப்பு, கரடுமுரடான உழைப்பு. 9×19இலிருந்து மேலே போனால் காம்பாக்ட் அளவில் ஏறத்தாழ எல்லாமே பூட்டிய குழல்தான். பெரெட்டா பி.எக்ஸ்.4 ஸ்டோர்ம் காம்பாக்டில் குழல் தாழாமல் சுழன்று பூட்டு விடுபடும். வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறை சுட்டுப் பாருங்கள், உதைப்பின் தன்மை எப்படி மாறுகிறது என்று கை கற்றுக்கொள்ளும்.

உச்ச அழுத்தமும் இதோடு சேர்ந்தது. அமெரிக்கத் தர அளவீட்டில் 9×19க்கும் .40க்கும் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு, .357 சிக்குக்கு 40,000, .45க்கு வெறும் 21,000. உந்தம் அதிகமாக இருந்தும் .45 ஒரு "தள்ளு" போலவும், .40 ஒரு "சுண்டு" போலவும் தோன்றுவது இதனால்தான். உதைப்பு எண்ணில் .45 மேலே இருக்க, பலர் .40ஐத்தான் கடினம் என்கிறார்கள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை.

படி 5: கைப்பிடியும் கொள்ளளவும்

தோட்டாவின் முழு நீளம் கைப்பிடியின் பருமனைத் தீர்மானிக்கிறது, ஏனென்றால் மேகசின் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். .380 தோட்டா 25 மி.மீ., .40 தோட்டா 28.8, 9×19 தோட்டா 29.7, .45 தோட்டா 32.4 மி.மீ. எண்கள் சிறியவையாகத் தெரியலாம். ஆனால் கைப்பிடியின் பின்புறத்திலிருந்து டிரிகர் வரை விரல் எட்ட வேண்டிய தூரத்தில் இந்த மில்லிமீட்டர்கள் நேராக வந்து ஏறுகின்றன. குட்டையான விரல்கள் கொண்டவர் .45 காம்பாக்டைப் பிடித்தால் விரல் நுனி மட்டுமே டிரிகரைத் தொடும். இழுக்கும்போது துப்பாக்கி ஒருபக்கம் திரும்பும். அதற்கு உதைப்பு காரணம் என்று நினைத்துக்கொள்வார்.

.40 தோட்டா 9×19ஐவிடச் சற்றுக் குட்டை என்பதைக் கவனித்தீர்களா? 9×19 துப்பாக்கியின் உடலுக்குள்ளேயே அடங்க வேண்டும் என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது அது. கிளாக் 23 ஏறத்தாழ கிளாக் 19இன் உடலிலேயே இருப்பது அதனால்தான். அகலம் மட்டும் கூடுவதால் 15 தோட்டா 13 ஆகிறது. .45க்கு வரும்போது கிளாக் 30இல் 10. பழைய ஒற்றை வரிசை மேகசின்களில் பி.பி.கே.யில் .32 என்றால் 7, .380 என்றால் 6.

சோதிக்கும் முறை: காலியான துப்பாக்கியைச் சுடும் பிடியில் பிடியுங்கள். குழல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா? சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி டிரிகரின் மையத்தில் படுகிறதா? கட்டைவிரலை மட்டும் நகர்த்தி மேகசின் பொத்தானை அழுத்த முடிகிறதா? சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா? சுண்டுவிரல் காற்றில் தொங்கினால் பிடியின் வலுவில் கணிசமான பங்கு போய்விடும். சப்காம்பாக்டுகளில் அடிப்பகுதி நீட்டிய மேகசின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 6: ஸ்லைடை இழுத்துப் பாருங்கள்

கடையில் பலர் தவறவிடும் சோதனை. கை வலு குறைந்தவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் உதைப்பைவிட இதுவே பெரிய தடை. துப்பாக்கி காலி என்று உறுதி செய்த பின், தொடர்ந்து பத்து முறை ஸ்லைடை முழுவதும் இழுத்து விடுங்கள். பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே முடிகிறதா?

இங்கேயும் காலிபர் ஏமாற்றும். நேரடிப் பின்தள்ளல் முறையில் சுருள்வில் இறுக்கமாக இருக்க வேண்டியிருப்பதால், ஒரு .380 பி.பி.கே.யின் ஸ்லைடு பல 9×19 துப்பாக்கிகளைவிட இழுக்கக் கடினமாக இருக்கும். இதற்கு மாறாக, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈ.இசட். வரிசை எளிதாக இழுப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. முதலில் 2018இல் .380இலும், பிறகு 9×19இலும் வந்தது. மேகசினில் தோட்டாக்களை நிரப்பும் கடுமையையும் சோதியுங்கள். கடைசி இரண்டு தோட்டாக்கள்தான் கட்டைவிரலைச் சோதிக்கும்.

படி 7: குண்டு இலக்கில் என்ன செய்கிறது

காலிபர் விவாதங்களில் சூடு அதிகம் இங்கேதான். வரலாறு தெரிந்தால் சூடு தணியும்.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில், இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் உயிரிழந்தனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையரில் ஒருவரின் உடலில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது, அவர் தொடர்ந்து சுட்டார். அந்த நாளுக்குப் பிறகுதான் ஊடுருவல் ஆழம் முறையாக அளக்கப்படத் தொடங்கியது. உடல் திசுவுக்குப் பதிலாகச் சோதனையில் வைக்கும் 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 46 செ.மீ. வரை குண்டு செல்ல வேண்டும் என்ற அளவுகோல் பிறந்தது. முதலில் 10 மி.மீ. ஆட்டோ என்ற தோட்டா பரிசீலிக்கப்பட்டது. அதன் முழு வலு பலருக்கும் கடினமாக இருந்தது. அதன் தணிந்த வடிவமாக 1990இல் .40 வந்து காவல்துறைகளில் வேகமாகப் பரவியது. 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு மீண்டும் 9×19ஐப் பரிந்துரைத்தது. குண்டுகளின் வடிவமைப்பு முன்னேறிவிட்டதால் 9, .40, .45 ஆகியவற்றின் காயங்களுக்கு இடையே நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் பெரும்பாலானோர் 9ஐத்தான் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பது அதன் வாதம்.

எண்களும் இதை ஆதரிக்கின்றன. மேலே சொன்ன வேகங்களில் 9×19 குண்டின் ஆற்றல் 443 ஜூல், .45க்கு 466, .40க்கு 509. மூன்றும் ஒரே தெருவில் வசிக்கின்றன. .380க்கு 241, .32க்கு 168. இடைவெளி இங்கேதான் இருக்கிறது. .380இல் நுனி குழிந்து விரியும் குண்டைப் பயன்படுத்தினால், விரிந்த பிறகு பல வகைகள் 30 செ.மீ. ஆழத்தை எட்டுவதில்லை. விரியாத குண்டு ஆழமாகப் போகும், ஆனால் விரியாது. விரிவு, ஆழம் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதுதான் .380இன் உண்மையான குறை. அதை வைத்திருப்பவர்கள் அறிந்தே வைத்திருக்க வேண்டும்.

குழல் நீளத்தையும் மறக்க வேண்டாம். விரியும் குண்டுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. குழல் ஓர் அங்குலம் குறைந்தால் 9×19இல் நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் குறையும். எனவே நீண்ட குழலில் சோதித்த முடிவை 79 மி.மீ. குழலுக்குப் பொருத்திப் பேசாதீர்கள். குறுகிய குழலுக்கென வடிவமைத்த தோட்டாக்கள் தனியே கிடைக்கின்றன.

படி 8: தோட்டாவின் கிடைப்பும் செலவும்

சுருக்கமாகச் சொல்கிறேன். 9×19 உலகிலேயே மிக அதிகமாக உற்பத்தியாகும் பிஸ்டல் தோட்டாக்களில் ஒன்று, எனவே பெரும்பாலும் அதுவே மலிவு. .380இல் ஈயமும் மருந்தும் குறைவு. ஆனாலும் உற்பத்தி அளவு குறைவு என்பதால், பல சந்தைகளில் அது 9×19ஐவிட விலை கூடுதல். .357 சிக் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. ஆனால் .40 கூட்டின் கழுத்தைச் சுருக்கி உருவாக்கப்பட்டது என்பதால், பல .40 துப்பாக்கிகளில் உரிய குழலை மாற்றினாலே சுட முடியும். மாதம் எத்தனை தோட்டா பயிற்சி செய்வீர்கள் என்று நேர்மையாக எழுதி, அதை ஓராண்டுக்குப் பெருக்குங்கள். துப்பாக்கியின் விலையை அந்தத் தொகை எளிதாகத் தாண்டிவிடும்.

படி 9: சுடுதளத்தில் ஒப்பிடுங்கள்

இதுவரை செய்தது வடிகட்டல். காகிதத்தில் இப்போது இரண்டு, மிஞ்சினால் மூன்று பெயர்கள் மீந்திருக்க வேண்டும். அவற்றை வாடகைக்கோ இரவலாகவோ பெற்று ஒரே நாளில் சுடுங்கள். வேறு வேறு நாள்களில் சுட்டால், அன்றைய உங்கள் மனநிலையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வேறு காலிபர் தோட்டாக்கள் ஒரே மேசையில் கலக்கக் கூடாது. ஒரு துப்பாக்கியை முடித்து, அதன் தோட்டாக்களைப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகே அடுத்ததை எடுங்கள். 9×19 அறைக்குள் .380 நுழைந்துவிடக் கூடும், .40 அறைக்குள் 9×19உம் அப்படித்தான். சரியான தோட்டா இல்லாமல் சுட்டால் கூடு பிளக்கலாம்.

ஏழு மீட்டர் தூரத்தில் கை அகல வட்டம் ஒன்றை இலக்காக வையுங்கள். முதலில் நேரம் பார்க்காமல் ஐந்து தோட்டா, மெதுவாக. துளைகள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். பிறகு டைமர் வைத்து, ஐந்தும் வட்டத்துக்குள் விழும் மிகக் குறைந்த நேரத்தைத் தேடுங்கள். இந்த இரண்டாம் எண்தான் முக்கியம். மெதுவாகச் சுடும்போது எல்லாக் காலிபரும் ஒன்று போலவே தோன்றும். அடுத்த குண்டுக்காகக் குறிமுனை திரும்பி வரும் வேகத்தில்தான் வேறுபாடு வெளிப்படும். துப்பாக்கிகளின் வரிசையை மாற்றி இன்னொரு சுற்று சுடுங்கள், ஏனெனில் கடைசியாகச் சுடுவது களைத்த கையால் சுடப்படுகிறது. மொத்தம் ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டாவாவது வேண்டும்.

அடுத்து, நண்பர் ஒருவரிடம் மேகசினைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களை வைக்கச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் டிரிகரை இழுக்கும்போது குழல் கீழே குனிந்தால், நீங்கள் உதைப்பை எதிர்பார்த்துக் கையை முறுக்குகிறீர்கள் என்று பொருள். எல்லோருக்கும் இது கொஞ்சம் உண்டு. எந்தத் துப்பாக்கியில் அதிகமாகக் குனிகிறது என்பதே ஒப்பீடு. சிறிய .380இல் குழல் குனிந்து, 9×19 காம்பாக்டில் அசையாமல் இருந்த கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இறுதியாக ஐந்து தோட்டா ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத கையால். இங்கே .40உம் .45உம் தங்கள் முழு விலையையும் கேட்கும்.

ஐம்பதாவது தோட்டா முடிந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்னும் ஐம்பது சுட ஆசையாக இருக்கிறதா? "இல்லை" என்று வந்தால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து நீக்குகிறேன். வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பயிற்சி செய்வதில்லை.

படி 10: வாங்கிய பின் சோதனை

புதிய துப்பாக்கியில், நீங்கள் உண்மையில் வைத்திருக்கப் போகும் தோட்டா வகையையும் சேர்த்து, சிக்கலின்றி இருநூறு தோட்டா ஓடுகிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கான உருண்டை நுனித் தோட்டா ஓடினால் நுனி குழிந்ததும் ஓடும் என்று எண்ண வேண்டாம், அறைக்குள் ஏறும் சரிவில் அது இடறலாம். .32 ஏசிபிக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. அதன் அடிவிளிம்பு கூட்டைவிடச் சற்றுத் துருத்தியிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்த மேகசினே இறுகிவிடும். நீளம் குறைந்த, குழிநுனி வகைத் தோட்டாக்களில் இது கூடுதலாக நேர்கிறது.

மிகச் சிறிய துப்பாக்கிகள் பிடியின் தளர்ச்சியைப் பொறுக்காது. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னே போகாமல் வெற்றுக் கூடு நடுவிலேயே சிக்கும். சிக்கல் வந்தால் துப்பாக்கியைக் குறை சொல்லும் முன், வேறொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். இருவருக்கும் சிக்கினால் துப்பாக்கி, உங்களுக்கு மட்டும் சிக்கினால் பிடி.

சுருள்வில்லுக்கும் ஆயுள் உண்டு. குட்டை ஸ்லைடு குறைந்த தூரத்தில் அதே வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால், சப்காம்பாக்டுகளின் வில் விரைவில் சோர்கிறது. 9×19க்காக உருவாக்கிய உடலில் .40 சுட்டால் தேய்மானம் கூடும். எத்தனை தோட்டாக்களுக்குப் பிறகு வில்லை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் சொன்ன எண்ணிக்கையைத் துப்பாக்கிப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள், சுட்ட தோட்டாக்களின் கணக்கையும் அதன் கீழேயே எழுதி வாருங்கள். பெட்டி பூட்டுள்ளதாக இருக்கட்டும், சாவி குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், தோட்டாக்கள் வேறு பூட்டுக்குள்.